குடியரசின் விடியல் – பகுதி 23: எழுதினால் சிறை

சென்ற வாரம் பாரிஸில் நிறுத்தியிருந்தோம். சமாதானம் பேசப் போன மூன்று அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டலேராண்டின் ஆட்கள் கை நீட்டினார்கள். பேச உட்காரவே 50,000 பவுண்ட் லஞ்சம். அதற்கு மேல் பிரான்ஸ் அரசுக்குப் பெருங்கடன். தூதர்கள் மறுத்துவிட்டார்கள்.

1798 ஏப்ரலில் அந்தக் கடிதங்களை அதிபர் ஜான் ஆடம்ஸ் காங்கிரஸின் முன் வைத்தார். லஞ்சம் கேட்ட தரகர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டு, எக்ஸ், ஒய், ஸெட் என்ற எழுத்துகள் மட்டும் போடப்பட்டிருந்தன. கடிதங்கள் அச்சேறியதும் நாடு கொதித்தது.

அந்தக் கொதிப்பு எங்கே போய் முடிந்தது என்பதுதான் இந்த வாரக் கதை. பிரெஞ்சுக் கப்பல்கள் மீது எழுந்த கோபம், மூன்றே மாதத்தில் சொந்த நாட்டின் அச்சுக்கூடங்கள் மீது திரும்பியது.

அச்சம் ஆண்ட கோடை

அப்போது தலைநகர் ஃபிலடெல்ஃபியா. அந்த ஊரில் ஆடம்ஸ் அதுவரை யாரும் கொண்டாடிய மனிதர் அல்ல. 1796 தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனை அவர் வென்றதே 71-க்கு 68 என்ற கணக்கில்தான். அன்றைய விதிப்படி, தோற்ற ஜெஃபர்சன் துணை அதிபரானார். எதிரெதிர் அணிகளின் தலைவர்கள் ஒரே அரசில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருந்தார்கள்.

1798 மே மாதம் நிலைமை தலைகீழானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஆடம்ஸின் வீட்டுக்கு ஊர்வலமாக வந்து, போர் மூண்டால் நாங்கள் இருக்கிறோம் என்று உறுதி கொடுத்தார்கள். ஆடம்ஸ் ராணுவ உடையில், இடுப்பில் வாளோடு வெளியே வந்து அவர்களை வரவேற்றார். வாழ்நாளில் ஒரு போர்க்களத்தையும் பார்க்காத வழக்கறிஞர் அவர்.

அன்றிரவே ஒரு கும்பல் எதிரணிப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் வீட்டைத் தாக்கியது. தெருக்களில் கறுப்பு ரிப்பன் செருகிய ஆடம்ஸ் ஆதரவாளர்களும் பிரெஞ்சு மூவண்ண ரிப்பன் செருகிய எதிரணியினரும் மோதிக்கொண்டார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஒரே ஆண்டில் 300-க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்தார்கள். தடுக்கக் கடற்படை இல்லை. கடற்படைக்கென ஒரு துறையே 1798 ஏப்ரல் 30 அன்றுதான் உருவானது. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடாகப் பிரெஞ்சுப் படையிடம் விழுந்துகொண்டிருந்தது. அடுத்தது நாம்தானோ என்ற கேள்வியோடு பலர் படுக்கப் போனார்கள்.

ஆனால் வெளியே இருக்கும் பகைவனைக் கண்டு அஞ்சுவது ஒன்று. அந்த அச்சத்தை உள்ளே இருக்கும் எதிராளியின் மீது ஏவுவது வேறொன்று.

ஆட்சியில் இருந்தவர்கள் ஃபெடரலிஸ்டுகள். ஆடம்ஸும் அலெக்சாண்டர் ஹாமில்ட்டனும் அந்த அணி. எதிரே ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மாடிசனும் வழிநடத்திய ரிபப்ளிகன்கள். இன்று அந்தப் பெயரில் இருக்கும் கட்சிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இன்றைய கட்சி 1854-ல் பிறந்தது.

இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் கட்சிகளை எதிர்பார்க்கவில்லை. கட்சி என்பதே குடியரசைப் பிடிக்கும் நோய் என்று நம்பிய தலைமுறை அது. அரசை எதிர்த்துக்கொண்டே நாட்டுக்கு விசுவாசமாக இருக்க முடியும் என்ற எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை. ஆளுங்கட்சியின் கண்ணில் எதிர்க்கட்சி சதிக்கூட்டம். எதிர்க்கட்சியின் கண்ணில் ஆளுங்கட்சி முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரத் துடிக்கும் கும்பல். இரு தரப்பும் இதை மேடைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பின. வந்த கேடெல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

44-க்கு 41

ஜூன், ஜூலை ஆகிய இரண்டே மாதங்களில் நான்கு சட்டங்கள் வந்தன.

முதல் மூன்றும் வெளிநாட்டார் மீது பாய்ந்தவை. குடியுரிமை பெற 5 ஆண்டு வசித்தால் போதும் என்றிருந்தது 14 ஆண்டாக உயர்ந்தது. அபாயமானவர் என்று அதிபர் கருதும் வெளிநாட்டவரை விசாரணையே இல்லாமல் நாடு கடத்தலாம் என்றானது. போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்து அடைக்கவும் வழி செய்யப்பட்டது. அயர்லாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் ஜெஃபர்சன் அணிக்கே வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் சட்டங்களின் உள்நோக்கம் விளங்கும்.

நான்காவதுதான் ‘செடிஷன் ஆக்ட்’ எனப்படும் அரசு நிந்தனைச் சட்டம்.

மேரிலாண்ட் செனட்டர் ஜேம்ஸ் லாய்ட் ஜூன் கடைசியில் கொண்டுவந்த முதல் வரைவு, பிரான்ஸை எதிரி நாடாக அறிவித்து, அதற்கு உதவுவோருக்கு மரண தண்டனை வரை கேட்டது. அதைப் படித்துவிட்டு ஹாமில்ட்டனே பதறினார். ஆளுங்கட்சியின் மூளை என்று கருதப்பட்டவர், நாம் கொடுங்கோன்மையை நிறுவிவிடக் கூடாது என்று தன் அணியினருக்கு எழுதினார்.

வரைவின் கூர்முனைகள் சில மழுக்கப்பட்டன. ஜூலை 4, சுதந்திர நாள். வெளியே கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்க, உள்ளே செனட் 18-க்கு 6 என்ற வாக்கில் சட்டத்தை நிறைவேற்றியது.

பிரதிநிதிகள் சபையில் சண்டை கடுமையாக இருந்தது. கனெக்டிகட்டின் ஜான் ஆலன் எதிரணிப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பத்திகளையே சாட்சியமாக வாசித்தார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஆல்பர்ட் காலட்டின் எழுந்து பதில் சொன்னார். ஆட்சியில் இருக்கும் கட்சி தன் அதிகாரத்தை நிரந்தரமாக்கிக்கொள்ளச் செய்துகொள்ளும் ஆயுதம் இது என்பது அவர் வாதம்.

ஜூலை 10 அன்று வாக்கெடுப்பு. 44-க்கு 41. இரண்டு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் சட்டம் வீழ்ந்திருக்கும்.

ஜூலை 14 அன்று ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அரசுக்கோ, காங்கிரஸின் இரு அவைகளுக்கோ, அதிபருக்கோ அவப்பெயர் உண்டாக்கும் நோக்கத்தோடு பொய்யாகவும் கெட்ட எண்ணத்தோடும் எழுதினால், பேசினால், அச்சிட்டால் 2,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று சொல்லும் முதல் திருத்தம் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏழு ஆண்டுகூட ஆகவில்லை.

சட்டத்தில் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். நிந்தனையிலிருந்து காக்கப்படுவோர் பட்டியலில் துணை அதிபர் இல்லை. ஜெஃபர்சனை யார் வேண்டுமானாலும் திட்டலாம், சட்டம் தொடாது. இரண்டாவது, சட்டத்தின் ஆயுள் 1801 மார்ச் 3 வரை. ஆடம்ஸின் பதவிக்காலம் முடிவதும் அன்றுதான். அடுத்த தேர்தல் முடியும்வரை எதிரணியின் வாயைக் கட்டிவைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எழுதிக் காட்ட முடியாது.

ஃபிராங்க்ளினின் பேரன்

கும்பல் தாக்கியதாகச் சொன்னேனே, அந்த வீட்டுக்காரர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பேஷ். பெயரே சொல்லும்: தேசத்தின் மூத்த தந்தைகளில் ஒருவரான ஃபிராங்க்ளினின் மகள் வயிற்றுப் பேரன். ஏழு வயதில் தாத்தாவோடு பாரிஸுக்குப் போனவர். அச்சுத்தொழிலைத் தாத்தாவின் நிழலில் கற்றவர். அவர் நடத்திய ‘அரோரா’ ஆட்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த பத்திரிகை.

பேஷின் பேனா இரக்கம் அறியாதது. வழுக்கை, குருடு, முடம், பல்லில்லாதவர் என்றெல்லாம் அதிபரைப் பற்றி எழுதியது அரோரா. அதைப் படித்த ஆடம்ஸின் மனைவி அபிகெய்ல் கொதித்தார். இப்படிப்பட்டவர்களை அடக்க ஒரு சட்டம் வேண்டும் என்று உறவினர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களை இன்றும் படிக்கலாம்.

ஜூன் 16 அன்று டலேராண்டின் கடிதம் ஒன்றை அரசு வெளியிடுவதற்கு முன்பே அரோரா அச்சிட்டது. பேஷ் பிரான்ஸின் கைக்கூலி என்ற கூச்சல் எழுந்தது. புதிய சட்டம் வரும்வரைகூட அரசு காத்திருக்கவில்லை. ஜூன் 26 அன்று, இங்கிலாந்திலிருந்து வந்த பழைய அவதூறுச் சட்ட மரபைக் காட்டி அவரைக் கைது செய்தது.

அவர் ஜாமீனில் வந்து தொடர்ந்து எழுதினார். ஆனால் வழக்கு நடக்கவே இல்லை. அந்தக் கோடையில் ஃபிலடெல்ஃபியாவை மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். பேஷ் அச்சுக்கூடத்தை விட்டு நகரவில்லை. செப்டம்பர் 10 அன்று இறந்தார். வயது 29. அவரோடு நாள்தோறும் எழுத்தில் மல்லுக்கட்டிய ஆளுங்கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் ஃபென்னோவும் அதே காய்ச்சலில் அதே வாரம் போய்ச் சேர்ந்தார்.

அரோராவை எடுத்து நடத்த வந்தவர் வில்லியம் டுவேன். இந்தப் பெயரை நம் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இவர் அதற்கு முன் பத்திரிகை நடத்திய ஊர் கல்கத்தா. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் குடைந்து எழுதியதற்காக, கவர்னர் ஜெனரல் ஜான் ஷோரின் காலத்தில் விசாரணையே இல்லாமல் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். சொத்தை இழந்து, லண்டன் வழியாக அமெரிக்கா வந்தார். இங்கேயாவது எழுத விடுவார்கள் என்று வந்தவரின் மேசைக்கு, வந்த இரண்டாம் ஆண்டில் இந்தச் சட்டம் வந்து சேர்ந்தது. அவர் பின்வாங்கவில்லை. வங்காளத்தில் ஒரு கவர்னர் ஜெனரலைப் பார்த்தவருக்கு ஆடம்ஸிடம் என்ன பயம்!

வெர்மான்ட்டின் முரடர்

பேஷ் தப்பினார், மரணத்தின் வழியாக. சட்டத்துக்கு முதல் ஆள் வேண்டியிருந்தது. வடக்கே, மலைகள் சூழ்ந்த வெர்மான்ட் மாநிலத்தில் அவர் கிடைத்தார். காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயன்.

அயர்லாந்தில் பிறந்தவர். பதினைந்து வயதில், கப்பல் கூலிக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் உழைக்க ஒப்பந்தமான பையனாக அமெரிக்கக் கரையில் இறங்கினார். இரண்டாவது எஜமானுக்கு அவர் கைமாறியது ஒரு ஜோடி காளைகளுக்கு ஈடாக. பிற்காலத்தில் தன்னை மீட்ட அந்தக் காளைகளின் மீதே சத்தியம் செய்வது அவர் வழக்கம்.

விடுதலை பெற்றபின் வெர்மான்ட் காட்டுக்குப் போய் ஃபேர் ஹேவன் என்ற ஊரையே உருவாக்கினார். இரும்பு ஆலை, காகித ஆலை, அச்சுக்கூடம் எல்லாம் அவருடையவை. மரப்பட்டையிலிருந்துகூடக் காகிதம் செய்து பார்த்தவர். மாநில ஆளுநரின் மகளை மணந்தார். 1797-ல் காங்கிரஸுக்கு வந்தபோது, ஹார்வர்டிலும் யேலிலும் படித்த கனவான்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

1798 ஜனவரி 30. சபையில் ஓய்வான நேரம். கனெக்டிகட் மக்களைப் பற்றி லயன் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாநில உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்ட் குறுக்கிட்டு, எங்களோடு சண்டைக்கு வருவதென்றால் உம்முடைய மரவாளோடு வருவீரோ என்று கேட்டார்.

சுதந்திரப் போரின்போது லயனின் படைப்பிரிவு காவலிடத்தை விட்டு ஓடிவிட்டதால் அவர் பதவி பறிக்கப்பட்டது பழைய கதை. கோழைக்கு அடையாளமாக மரவாள் கட்டி அனுப்பினார்கள் என்று எதிரிகள் பரப்பியிருந்தார்கள். ஆறாத புண் அது.

லயன் முதலில் காதில் வாங்காததுபோல் இருந்தார். கிரிஸ்வால்ட் அருகே வந்து, தோளைத் தொட்டு, மறுபடியும் அதையே சொன்னார். லயன் திரும்பி அவர் முகத்தில் துப்பினார்.

அவரைச் சபையிலிருந்து வெளியேற்ற 52 பேர் வாக்களித்தார்கள், எதிர்த்து 44. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தப்பினார். பிப்ரவரி 15 அன்று கிரிஸ்வால்ட் ஒரு கனத்த ஹிக்கரி மரத் தடியோடு வந்து, இருக்கையில் உட்கார்ந்திருந்த லயனை அடிக்கத் தொடங்கினார். லயன் கணப்படுப்பின் இரும்பு இடுக்கியை எடுத்துத் திருப்பித் தாக்கினார். சட்டம் இயற்றும் சபையின் தரையில் இருவரும் உருண்டார்கள்.

லயனைப் புனிதராக்க நான் முயலவில்லை. அவர் முரடர்தான். ஆனால் எட்டு மாதம் கழித்து அவர் கூண்டில் ஏறியது துப்பியதற்காகவும் அல்ல, இடுக்கியால் அடித்ததற்காகவும் அல்ல. எழுதியதற்காக.

ரட்லண்டில் ஒரு கேள்வி

அக்டோபர் 5 அன்று வெர்மான்ட்டின் ரட்லண்ட் ஊரில் கூடிய கிராண்ட் ஜூரி லயன் மீது குற்றம் சாட்டியது. இந்தச் சட்டம் காங்கிரஸ் உறுப்பினர்களுக்காகவே செய்யப்பட்டது, முதலில் என் மீதுதான் பாயும் என்று அவர் நண்பர்களிடம் முன்பே சொல்லியிருந்தார்.

முதல் குற்றச்சாட்டு, ஸ்பூனர் என்பவரின் வெர்மான்ட் பத்திரிகையில் வந்த அவருடைய கடிதம். அதிபரின் ஆட்சியில் மக்கள் நலன் பின்னே தள்ளப்படுகிறது, கேலிக்குரிய ஆடம்பரத்துக்கும் முகஸ்துதிக்கும் சுயநலப் பேராசைக்கும் அங்கே அளவில்லாத தாகம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். மற்றவை, ஜோயல் பார்லோ என்ற கவிஞர் பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தைக் கூட்டங்களில் வாசித்ததும் அச்சிட்டதும். அதிபரைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பக் காங்கிரஸ் உத்தரவிட்டிருக்க வேண்டும் என்றது அந்தக் கடிதம்.

நாள்களைப் பாருங்கள். லயன் தன் கடிதத்தை எழுதியது ஜூன் 20. சட்டம் கையெழுத்தானது ஜூலை 14. கடிதம் அச்சில் வந்தது ஜூலை 31. எழுதியபோது குற்றமாக இல்லாதது, தபால் வண்டி ஊர் வந்து சேர்வதற்குள் குற்றமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்துவார்கள். ரட்லண்டுக்கு வந்தவர் வில்லியம் பேட்டர்சன். 1787-ல் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர். ஒரே தீவிலிருந்து வந்த இருவரில் ஒருவர் மேடையில், ஒருவர் கூண்டில்.

லயனுக்கு வக்கீல் சரியாக அமையவில்லை. தானே வாதாடினார்.

முதலில், இந்தச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது, ஆகவே செல்லாது என்றார். நீதிபதி அந்த வாதத்தை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினார். அடுத்து லயன், கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்றார். கடைசியாக, நான் எழுதியது உண்மை என்றார்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் பெருமையாகச் சொன்னது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பழைய மரபில், எழுதியது உண்மையே ஆனாலும் தண்டனை உண்டு. நாங்களோ, உண்மை என்று நிரூபித்தால் விடுதலை என்று எழுதியிருக்கிறோம். முடிவெடுக்கும் உரிமையையும் ஜூரிக்கே கொடுத்திருக்கிறோம். இதைவிடத் தாராளம் எங்கே உண்டு?

காகிதத்தில் அது உண்மைதான். ஆனால் அதிபர் 100 டாலர் திருடினார் என்று எழுதினால் நிரூபிக்கலாம், அல்லது தோற்கலாம். அதிபரின் ஆடம்பரம் கேலிக்குரியது என்று எழுதினால் எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? கருத்துக்கு ரசீது ஏது?

லயன் அந்த ஓட்டையைக் கண்டுகொண்டார். சாட்சி வேண்டுமே. நேராக நீதிபதியின் பக்கம் திரும்பினார். நீங்கள் அதிபரோடு விருந்துண்டதில்லையா, அங்கே கேலிக்குரிய ஆடம்பரத்தைப் பார்த்ததில்லையா என்று கேட்டார்.

குற்றவாளிக் கூண்டிலிருந்து நீதிபதியையே சாட்சிக்கு அழைத்த அந்தக் கணத்தை நினைத்துப் பார்க்கிறேன். பேட்டர்சன் பதில் சொல்லாமல் கடந்திருக்கலாம். ஆனால் சொன்னார். அபூர்வமாக எப்போதாவது உண்டிருக்கிறேன், ஆடம்பரம் எதையும் காணவில்லை, எளிமையைத்தான் கண்டேன் என்றார். லயன் விடவில்லை. அதிபர் வீட்டு ஆடம்பரமும் வேலையாட்களும் இந்த ரட்லண்ட் விடுதியில் இருப்பதைவிட அதிகம் இல்லையா என்று தொடர்ந்தார். அதற்குப் பதில் வரவில்லை.

ஜூரியிடம் பேட்டர்சன் தெளிவாகச் சொன்னார். சட்டம் செல்லுமா செல்லாதா என்பது உங்கள் வேலை அல்ல. தகுதியுள்ள ஒரு மன்றம் அதைச் செல்லாது என்று அறிவிக்கும்வரை அது சட்டமே.

இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். தகுதியுள்ள மன்றம் எது என்று அவர் சொல்லவில்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஜூரி திரும்பியது. குற்றவாளி. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம், வழக்குச் செலவு 60 டாலர் 96 சென்ட். அபராதம் கட்டும்வரை வெளியே வர முடியாது.

வெர்ஜென்ஸ் சிறை

ரட்லண்டிலேயே சிறை இருந்தது. ஆனால் மார்ஷல் ஜேபஸ் ஃபிட்ச் அவரை நாற்பது மைலுக்கும் அப்பால் இருந்த வெர்ஜென்ஸ் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருபுறமும் வர, நாடாளும் சபையின் உறுப்பினர் தன் மாநிலத்துத் தெருக்கள் வழியாகக் கைதியாகப் போனார்.

அறை 16 அடிக்கு 12 அடி. குதிரைத் திருடர்களையும் கள்ளநோட்டு அடித்தவர்களையும், ஓடிவந்து பிடிபட்ட அடிமைகளையும் அடைக்கும் இடம். மூலையில் திறந்த கழிப்பிடம், அதன் நாற்றம். ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கண்ணாடி இல்லை. வெர்மான்ட்டில் அக்டோபரிலேயே குளிர் எலும்பைத் தொடும். கண்ணாடியும் அடுப்பும் வந்து சேர நாளாயிற்று.

சிறையை இடித்து அவரை மீட்கிறோம் என்று மலைநாட்டு ஆட்கள் கிளம்பினார்கள். முரடர் என்று பெயரெடுத்த லயன் அவர்களைத் தடுத்தார். இடிக்க வேண்டாம், வாக்குச்சீட்டைப் பயன்படுத்துங்கள் என்பதே அவர் செய்தி.

தேர்தல் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. செப்டம்பரில் நடந்த முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. டிசம்பரில் மறுதேர்தல். வேட்பாளர் சிறைக்குள். வெளியே அவர் எழுதும் கடிதங்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன.

ஆயிரக்கணக்கான வெர்மான்ட் மக்கள் கையெழுத்திட்ட மன்னிப்பு மனுவை ஜான் ஆக்டன் என்ற பாதிரியார் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சுமந்து போனார். அதில் லயனின் கையெழுத்து இல்லை. மன்னிப்பு வேண்டுமானால் முதலில் வருந்த வேண்டும் என்று சொல்லி ஆடம்ஸ் மறுத்தார். லயன் வருந்தத் தயாராக இல்லை.

டிசம்பரில் வாக்குகள் எண்ணப்பட்டன. லயன் 4,576. எதிர்த்து நின்ற சாமுவேல் வில்லியம்ஸ் 2,444.

அமெரிக்க வரலாற்றில் சிறையிலிருந்தபடியே காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதர் அவர். அந்த வாக்குகள் எல்லாமே பத்திரிகைச் சுதந்திரத்துக்காக விழுந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். அரசு நிந்தனைச் சட்டம் கையெழுத்தான அதே ஜூலை 14 அன்று வீடுகளுக்கும் நிலங்களுக்கும் புதிய ஃபெடரல் வரி விதிக்கும் சட்டமும் கையெழுத்தானது. விவசாயிகளுக்கு அந்தக் கோபமும் இருந்தது. ஆனால் தங்கள் பிரதிநிதியைக் கொட்டடியில் அடைத்த விதத்தைப் பக்கத்து ஊரில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதைப் பார்த்தபின் வரிக்கும் சிறைக்கும் இடையே அவர்கள் வேறுபாடு காணவில்லை.

1799 பிப்ரவரி 9. தண்டனைக் காலம் முடிந்தது. அபராதத்துக்கான 1,000 டாலரைத் தங்கமாகவே வர்ஜீனியா செனட்டர் ஸ்டீவன்ஸ் தாம்சன் மேசன் கொண்டுவந்து சேர்த்தார். வாசலிலேயே வேறொரு குற்றச்சாட்டில் மறுபடி கைது செய்யப்படலாம் என்ற பேச்சு இருந்தது. கதவு திறந்ததும் லயன் உரக்க அறிவித்தார்: ‘நான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்!’ அவைக்குச் செல்லும் வழியில் உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்பது அரசியல் சாசனம் தரும் காப்பு. சட்டத்தால் அடைபட்டவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வெளியேறினார். பனியில் சறுக்கு வண்டிகள் வரிசையாகப் பின்தொடர, வழியெங்கும் மக்கள் நின்று வாழ்த்தினார்கள்.

சபையில் மறுபடியும் வெளியேற்றத் தீர்மானம். ஆதரவு 49, எதிர்ப்பு 45. மூன்றில் இரண்டு பங்கு இல்லை. லயன் தன் இருக்கையில் உட்கார்ந்தார்.

அந்த அபராதத் தொகையைக் காங்கிரஸ் வட்டியோடு அவர் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது, 1840-ல். லயன் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயர் இல்லாத தாள்கள்

வழக்குகள் நிற்கவில்லை. லயனின் அபராதத்துக்காகக் குலுக்கல் சீட்டு விளம்பரம் போட்ட பென்னிங்டன் பத்திரிகை ஆசிரியர் ஆன்டனி ஹாஸ்வெல் பின்னால் சிறை போனார். மாசசூசெட்ஸின் டெடம் ஊரில், அரசைக் கண்டித்து எழுதிய பலகையோடு ஒரு கம்பம் நட்ட வழக்கில் டேவிட் பிரவுன் என்ற ஊர்சுற்றித் தொழிலாளிக்கு 18 மாதம். நியூஜெர்சியின் நியூவார்க்கில், அதிபரை வரவேற்கச் சுட்ட பீரங்கியைப் பற்றிக் குடிபோதையில் ஒரு கொச்சையான பேச்சுப் பேசிய லூதர் பால்ட்வினுக்கு 150 டாலர் அபராதம்.

சட்டத்தை இயற்றியது காங்கிரஸ். கையெழுத்திட்டது அதிபர். தண்டித்தவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள். அரசின் மூன்று கைகளும் ஒரே கட்சியிடம். பேட்டர்சன் சொன்ன அந்தத் ‘தகுதியுள்ள மன்றம்’ எங்கே இருக்கிறது?

ஃபிலடெல்ஃபியாவில் சட்டம் நிறைவேறும் முன்பே, ஜூன் 27 அன்று, ஒரு மனிதர் தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். வர்ஜீனியாவில் தன் மலைவீடான மான்டிசெல்லோவில் போய் அமர்ந்தார். தபாலில் போகும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று அஞ்சி, நம்பிக்கையானவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பினார். அங்கே உட்கார்ந்து அவர் ரகசியமாக ஒரு வரைவை எழுதினார். அதில் அவர் பெயர் இல்லை. அக்டோபரில், லயன் மீது விசாரணை நடந்த அதே மாதத்தில், அந்தத் தாள்கள் கை மாறி மாறி கென்டக்கியின் ஜான் பிரெக்கின்ரிட்ஜிடம் போய்ச் சேர்ந்தன.

எழுதியவர் துணை அதிபர் தாமஸ் ஜெஃபர்சன். உலகம் அதை உறுதியாகத் தெரிந்துகொள்ள 1821 வரை ஆயிற்று.

நவம்பரில் கென்டக்கி சட்டமன்றம் அந்தத் தாள்களின் அடிப்படையில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று வர்ஜீனியா இன்னொன்றை நிறைவேற்றியது. அதை எழுதிய மறைவான கை மாடிசனுடையது. சாராம்சம் இதுதான்: மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தமே இந்தக் குடியரசு. கொடுக்காத அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டால் அந்தச் சட்டத்துக்கு உயிரில்லை. அதைத் தீர்மானிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு.

ஜெஃபர்சனின் மூல வரைவில் இதைவிடக் கடுமையான ஒரு வழியும் இருந்தது. மத்திய அரசின் சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் ரத்து செய்துவிடலாம் என்பது அது. படித்த பிரெக்கின்ரிட்ஜ் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் சபைக்குக் கொண்டுபோனார்.

மற்ற மாநிலங்களுக்குத் தீர்மானங்கள் அனுப்பப்பட்டன. வடக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மறுப்புகள் வந்தன. லயனை வாக்களித்து அனுப்பிய வெர்மான்ட்டின் சட்டமன்றமே, ஒரு சட்டம் செல்லுமா என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மட்டுமே உண்டு என்று பதில் எழுதியது. எந்த நீதிமன்றங்கள்? லயனைச் சிறைக்கு அனுப்பிய அதே நீதிமன்றங்கள்.

மாநிலங்கள் தீர்ப்புச் சொல்லலாம் என்றால், பதினாறு மாநிலங்கள் பதினாறு விதமாகச் சொல்லுமே. பிறகு ஒரே நாடு என்று எதைச் சொல்வது? நீதிமன்றங்களிடம் விட்டால், சட்டத்தை இயற்றியவர்களின் தோழர்களே நீதிபதிகளாக இருக்கும்போது யார் காப்பாற்றுவது? இரண்டும் இல்லையென்றால் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: 1800-ல் வரப்போகும் அதிபர் தேர்தல். தன் ஆட்சியைக் குறை சொல்பவர்களைச் சிறையில் அடைத்துக்கொண்டே ஆடம்ஸ் அந்தத் தேர்தலைச் சந்திக்கப் போகிறார். தோற்றால், அதிகாரத்தைத் தன் கட்சி ‘துரோகிகள்’ என்று அழைத்தவர்களிடம் சண்டையில்லாமல் கொடுத்துவிட்டுப் போவாரா?

(தொடரும்)